கழற்றத் தோன்றாத ஹெல்மெட்: சேலத்தில் முதன்முதலாக வாங்குபவருக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காடு அடிவாரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சோதனைச்சாவடி வரைக்கும் ஹெல்மெட் தலையில் இருக்கும். அதைத் தாண்டி மூன்றாவது நான்காவது வளைவுக்குள் சிலருடையது பெட்ரோல் டேங்க் மேல் வந்துவிடும், சிலருடையது முழங்கையில் தொங்கும். கேட்டால் "வேர்க்குதுங்க" என்பார்கள், "தலை வலிக்குதுங்க" என்பார்கள், "பின்னாடி பஸ் வர்றது கேக்க மாட்டேங்குது" என்பார்கள்.

இவர்கள் எல்லோரும் உயிரைப் பற்றி அக்கறை இல்லாதவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தலைக்கும் போகிற பாதைக்கும் பொருந்தாத ஒன்றை வாங்கிவிட்டார்கள். எனக்கும் முதல் ஹெல்மெட் அப்படித்தான் அமைந்தது. கோரிமேட்டிலிருந்து ஐந்து ரோடு வரை தினமும் போய்வர வேண்டும். "கொஞ்சம் லூசா இருந்தாத்தான் காத்து போகும்" என்று கடையில் சொன்னதை நம்பி ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன். ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. பெங்களூரு நெடுஞ்சாலையில் தொப்பூர் பக்கம் போனபோதுதான் தெரிந்தது. காற்று உள்ளே புகுந்து ஹெல்மெட்டை மேலே தூக்கியது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தால் தலை திரும்பியது, ஹெல்மெட் திரும்பவில்லை, ஒரு கண் பாதி மறைந்தது. பக்கத்தில் லாரி.

அன்றிலிருந்து எனக்குச் சுகமான ஹெல்மெட் என்றால் ஒரே கணக்குதான்: வண்டியை நிறுத்தும் வரை அதைக் கழற்றத் தோன்றக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான்.

முதல் வேலை: உங்கள் பாதையை யோசியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், வாரத்தில் எத்தனை நாள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். சேலத்துக்காரருக்கு இது முக்கியம், ஏனென்றால் நம் ஊரில் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இரண்டு தட்பவெப்பம் இருக்கிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும். ஆக, அடிவாரத்துக் கன்னங்குறிச்சியில் வியர்த்துக் கிளம்பும் அதே தலை, ஏற்காடு ஏரிக்கரையில் எட்டு டிகிரி குளிர்ந்த காற்றில் இருக்கும். மழைக்காலத்தில் அதோடு பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹெல்மெட்டில் இருக்கும் காற்றுத் துளைகள் வண்டி வேகமாகப் போனால்தான் வேலை செய்யும். கொண்டை ஊசி வளைவுகளில் இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது துளைக்குள் காற்று அவ்வளவாகப் போகாது. ஆடிப் பண்டிகைக் கூட்டத்தில் கோட்டை மாரியம்மன் கோவில் பக்கம் ஊர்ந்து போகும்போதும் அதே கதை. ஆகவே துளைகளின் எண்ணிக்கையைக் காட்டி விலை ஏற்றினால் மயங்க வேண்டாம். மெதுவாகப் போகும் நேரத்தில் உங்களுக்கு உதவப்போவது, கையுறையோடும் எளிதாக ஒரு விரலால் கொஞ்சமாகத் திறந்து வைக்கக்கூடிய வைசர், அதாவது முகத்துக்கு முன்னால் இறங்கும் கண்ணாடி மறைப்புதான்.

எந்த வகை?

முதலில் வேண்டாததைச் சொல்லிவிடுகிறேன். காதுக்கு மேலேயே முடிந்துவிடும் சட்டி மாதிரியான அரைத் தொப்பியும், சாலையோரம் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு விற்கும் மெல்லிய பிளாஸ்டிக்கும் வேண்டவே வேண்டாம். போலீசுக்குக் காட்ட மட்டும்தான் அவை ஆகும். ஹெல்மெட்டின் உயிரே கெட்டியான வெளி ஓட்டுக்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கில் இருக்கிறது. அடி விழும்போது அது நசுங்கி, அந்த வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. அந்த அடுக்கு இல்லாத தொப்பியில் அடி நேராக மண்டைக்கே போகும். 1935-ல், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர்பெற்ற டி. இ. லாரன்ஸ் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர். அந்த மரணம் அவரை விடவில்லை. ராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் தகவல் கொண்டுபோகும் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட்டின் அவசியத்தைச் சொல்லும் கட்டுரையை 1941-ல் வெளியிட்டார். நாம் இன்று தலையில் மாட்டுவதற்குப் பின்னால் இப்படி ஒரு மருத்துவரின் துக்கமும் இருக்கிறது. அந்தப் பொருளைப் பேருக்கு மாட்டுவது எனக்கு மனசு ஒப்பாத விஷயம்.

சரி, வாங்க வேண்டியவற்றுக்கு வருவோம்.

முழு முகத்தையும் தாடையையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ்தான் என் முதல் பரிந்துரை. கீழே விழும்போது தாடையும் முகமும் தரையில் தேய்வது சாதாரணமாக நடப்பது, அந்த இடத்தைக் காப்பது இதன் தாடைப்பகுதி மட்டும்தான். புழுங்கும் என்பது உண்மை. ஆனால் நெடுஞ்சாலையில் காற்று இரைச்சல் குறையும், புழுதியும் பூச்சியும் முகத்தில் அடிக்காது, ஏற்காட்டுக் குளிரில் மூக்கு உறையாது. எடை பெரும்பாலும் 1.2 முதல் 1.6 கிலோவுக்குள் இருக்கும். கையில் தூக்கிப் பார்க்கும்போது நூறு கிராம் வித்தியாசம் தெரியாது. இருபது வளைவுகளில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஏறினால் தெரியும். இரண்டு ஹெல்மெட் சமமாகப் பிடித்திருந்தால் எடை குறைந்ததை எடுங்கள்.

தாடைப்பகுதியோடு முன்பாகம் முழுவதும் மேலே தூக்கிக்கொள்ளும் ஃப்ளிப் அப் வகை, மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கும், பெட்ரோல் பங்கில் நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கும் நல்ல வசதி. கீல் இருப்பதால் எடை கூடும், இரைச்சலும் கொஞ்சம் கூடும். தூக்கிவிட்டபடியே ஓட்டுவது மட்டும் கூடாது. அந்த நிலையில் ஓட்டுவதற்கென்று தனியாகச் சோதித்து அனுமதி பெற்ற மாடல்கள் சிலவே. மற்றவற்றில் தாடைக்குக் காவல் இல்லை, காற்றும் தூக்கிய பாகத்தைப் பிடித்துக் கழுத்தை இழுக்கும்.

முகம் திறந்த, காதுவரை மூடும் ஓபன் ஃபேஸ் வகை ஸ்கூட்டரில் அஸ்தம்பட்டிக்கும் நான்கு ரோட்டுக்கும் நடுவே போய்வருபவர்கள் விரும்புவது. சித்திரை வெயிலில் அதன் சுகம் எனக்குப் புரிகிறது. ஊருக்குள் மட்டும், மெதுவாக மட்டும் என்றால் நீளமான வைசர் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் அதை எடுத்துப் போகாதீர்கள்.

முன்னால் கூரை நீட்டிய ஆஃப் ரோடு வகை பார்க்க அழகாக இருக்கும். நெடுஞ்சாலைக் காற்றில் அந்தக் கூரை தலையைப் பின்னால் தள்ளும். முதல் ஹெல்மெட்டாக அது வேண்டாம்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. பனிமூட்டத்தில் எதிரே வரும் பஸ் ஓட்டுநருக்கு உங்கள் தலைதான் முதலில் தெரியும். மேட் கருப்பைவிட மஞ்சளோ ஆரஞ்சோ எளிதில் கண்ணில் படும்.

முத்திரையைப் பாருங்கள்

2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் கூடாது. முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும், அதற்குக் கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டுப் பார்த்தால் எந்தத் தயாரிப்பாளருக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் முடியும் வேலை, கூச்சப்படாமல் செய்யுங்கள். அப்புறம் உட்பக்கத் துணியைக் கொஞ்சம் விலக்கி, கெட்டியான தெர்மாகோல் அடுக்கு தலையைச் சுற்றி முழுக்க இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். வெறும் பஞ்சு மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தலையை அளப்பது

தையல் டேப் ஒன்று போதும். புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, காதுகளுக்கு மேலாக, பின்மண்டையில் அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளவெடுங்கள். மூன்று முறை எடுத்து, அதில் பெரிய அளவை வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஹெல்மெட்டுகளில் அளவு மில்லிமீட்டரில் இருக்கும்: 560, 580, 600 என்று. உங்கள் தலை 58 சென்டிமீட்டர் என்றால் 580 கேளுங்கள். "நான் மீடியம்" என்று மட்டும் சொன்னால் ஏமாற வாய்ப்பு உண்டு. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியில் லார்ஜாக இருக்கும்.

சுற்றளவு சரியாக இருந்தும் சிலருக்கு வலிக்கும். காரணம் தலையின் வடிவம். மேலிருந்து பார்த்தால் சிலர் தலை உருண்டை, சிலர் தலை முன்னும் பின்னும் நீண்டது. நீண்ட தலைக்காரர் உருண்டையான ஹெல்மெட்டை மாட்டினால் நெற்றி நடுவில் அழுத்தும், காதுக்கு மேலே இடம் காலியாக இருக்கும். உருண்டைத் தலைக்காரர் நீண்ட ஹெல்மெட்டை மாட்டினால் நேர்மாறாகக் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் இறுக்கும். அப்படி வலித்தால் ஒரு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள், வேறு மாடலுக்குப் போங்கள். நான் செய்த தவறைப் பெரும்பாலானவர்கள் செய்வது இந்த இடத்தில்தான்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

அவசரமில்லாத நாளில், வார நாள் மதியமாகப் பார்த்துப் போங்கள். தாடைக்குக் கீழே மாட்டும் பட்டைகள் இரண்டையும் வெளிப்பக்கம் இழுத்து விரித்தபடி மாட்டுங்கள். புது ஹெல்மெட் காதைத் தேய்த்துக்கொண்டு கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் இறங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் அது உங்களுக்குப் பெரிது.

மாட்டியபின் கன்னங்கள் லேசாக மேலே பிதுங்க வேண்டும். பேசும்போது கன்னத்தின் உட்பக்கம் பல்லில் கொஞ்சம் படும், அது சரிதான். சில வாரங்களில் கன்னப் பஞ்சு படிந்துவிடும். இன்றைக்கே மெத்தென்று இதமாக இருக்கும் ஹெல்மெட் தீபாவளிக்குள் லொடலொடவென்று ஆகிவிடும்.

பட்டையை மாட்டி, தலையை அசைக்காமல், தாடைப்பகுதியைப் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். ஹெல்மெட்டோடு சேர்ந்து நெற்றித் தோலும் கன்னத் தோலும் நகர வேண்டும். தோல் அப்படியே இருக்க ஹெல்மெட் மட்டும் சுற்றினால் வேண்டாம். அடுத்து, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் உருட்டித் தள்ளச் சொல்லிக் கூட வந்தவரிடம் கேளுங்கள். தலையை விட்டுக் கழன்று வருகிறது என்றால், விழும்போதும் அப்படித்தான் கழன்று போகும்.

இப்போது அப்படியே இருபது நிமிடம் மாட்டிக்கொண்டு கடையிலேயே இருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். பத்தாவது நிமிடத்துக்கு மேல்தான் தலை உண்மையைச் சொல்லும். கழற்றியதும் கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். முகம் முழுக்க ஒரே சீராக லேசான சிவப்பு என்றால் பொருத்தம் நன்று. நெற்றியில் ஒரே இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்து வலித்தால், அந்த வலி ஏற்காடு ஒண்டிக்கடை வருவதற்குள் தாங்க முடியாததாகிவிடும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உச்சியிலோ பின்மண்டையிலோ கொண்டை போட்டுக்கொண்டு அளவு பார்த்தால் தவறான சைஸ்தான் கிடைக்கும். கழுத்தை ஒட்டித் தாழப் பின்னலிட்டு மாட்டிப் பாருங்கள், ஓட்டும்போதும் அதே பின்னல்தான். ஜிமிக்கி காது மடலை இழுத்துப் புண்ணாக்கும், சின்னத் தோடு போதும். மல்லிகைச் சரத்தைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கியபின் சூடிக்கொள்ளலாம். ஹிஜாப் அணிபவர்கள் மெல்லிய, முடிச்சில்லாத உள்துணியோடு அளவு பாருங்கள், முள்ளூசி எதுவும் ஹெல்மெட்டுக்குள் வரக்கூடாது.

மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் அதைக் கொண்டுபோக மறக்காதீர்கள். ஹெல்மெட்டை மாட்டியபின் கண்ணாடியின் காம்பு நேராக உள்ளே நுழைய வேண்டும். காதுக்கு மேல் அழுத்தினால் அரை மணியில் தலைவலி வரும். சில மாடல்களில் காம்புக்கென்றே பஞ்சில் தடம் விட்டிருப்பார்கள்.

பட்டை

இரண்டு வளையத்துக்குள் துணிப்பட்டையைக் கோத்து இழுக்கும் டபுள் டி வகை பிடிமானத்தில் உறுதியானது, பழகக் கொஞ்ச நாள் ஆகும். பல் வைத்த பட்டையைக் கடகடவென்று உள்ளே தள்ளும் வகை, தினமும் பத்து முறை கழற்றி மாட்டுபவர்களுக்கு நல்லது. எதுவானாலும் தாடைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் போக வேண்டும். பட்டை போடாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே சாலையில் உருண்டு போய்விடும். ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்துத்தான், 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் ஆயிரம் ரூபாய். பின்னால் உட்காரும் அம்மாவுக்கும் இதே இருபது நிமிடச் சோதனையைச் செய்து, அவர் தலைக்கென்று ஒன்று வாங்குங்கள். வீட்டில் கிடக்கும் பழையது அவருக்கு என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்காத வழக்கம்.

பனியும் வைசரும்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் அதிகம் திணறுவது இதில்தான். மேலே ஏற ஏற வெளியே குளிர்கிறது, உள்ளே மூச்சு சூடாக இருக்கிறது. அந்த ஈரம் வைசரின் உட்பக்கத்தில் படிந்து வெள்ளையாக மூடிவிடுகிறது. வளைவின் நடுவில், எதிரே பஸ் திரும்பும் நேரத்தில் இப்படி ஆனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வாங்கும்போதே வைசரின் இரண்டு ஓரத்திலும் சின்னக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். பின்லாக் என்ற இரண்டாவது மெல்லிய வில்லையை அதில் பொருத்தலாம். இரண்டுக்கும் நடுவில் அடைபட்ட காற்று, சூட்டையும் குளிரையும் பிரித்து வைப்பதால் ஈரம் படியாது. மாதம் இரண்டு முறையாவது மலைக்குப் போகிறவருக்கு இந்தச் செலவு தகும். இல்லாதவர்கள், ஒரு துளி ஷாம்பூவை வைசரின் உட்பக்கம் தடவி, காய்ந்தபின் மெல்லிய துணியால் பளபளப்பாகத் துடைத்துவிட்டால் ஒரு காலைப் பயணத்துக்குத் தாங்கும். பின்லாக் வில்லை மேல் மட்டும் இதைத் தடவாதீர்கள். வளைவுகளில் மெதுவாக ஏறும்போது வைசரை ஒரு படி மட்டும் திறந்து வையுங்கள். மூச்சைக் கீழ்நோக்கித் திருப்ப மூக்குக்கு மேல் பொருந்தும் ரப்பர் மடிப்பு சில மாடல்களில் வருகிறது, இருந்தால் கழற்றி எறிய வேண்டாம்.

கருப்பு வைசர் ஒன்றை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். மதியம் மூன்று மணிக்கே சேர்வராயன் கோவில் பக்கம் மூட்டம் இறங்கும் நாட்கள் உண்டு. தெளிவான வைசரோடு, உள்ளேயே இறக்கிக்கொள்ளும் கருப்புக் கண்ணாடி இருக்கும் மாடல் நம் வெயிலுக்கும் மலைக்கும் சேர்த்து ஒத்துவரும்.

வியர்வை, துவைத்தல்

மெல்லிய பருத்திக் குல்லாய் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுத் துவையுங்கள். உள்துணியைக் கழற்றக்கூடிய மாடலாகப் பாருங்கள், வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷாம்பூ கலந்த தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதனாலும் ஹெல்மெட்டின் வெளிப்பக்கத்தைத் துடைக்கக் கூடாது, பிளாஸ்டிக் உள்ளுக்குள் பலம் இழக்கும். வண்டியின் கண்ணாடிமேல் கவிழ்த்து மாட்டும் பழக்கம் தெர்மாகோலில் குழி போடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும், மாற்றிவிடுங்கள். தெர்மாகோல் ஒருமுறைதான் நசுங்கும். அடியே படாவிட்டாலும் ஐந்து வருடம் ஆனால் மாற்றுவது நல்லது.

முதல் ஓட்டம்

பில் போடும்போதே, ஓட்டாமல் கீறல் படாமல் இருந்தால் சைஸ் மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும், சாலையில் இறங்குவதற்கு முன்பே, மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் வேலையைப் பாருங்கள். அங்கேயே வலித்தால் மறுநாள் மாற்றிவிடலாம்.

அது சரியாக இருந்தால் ஒரு வாரம் ஊருக்குள், அடுத்து ஒரு விடியற்காலையில் ஏற்காடு. ஏறும்போது வைசரின் தெளிவையும், வளைவில் திரும்பும் பக்கம் முழுக்க ஹெல்மெட்டோடு தலை திரும்புகிறதா என்பதையும் கவனியுங்கள். இறங்கும்போது வேறொன்றைக் கவனிக்க வேண்டும். வளைவுக்கு வளைவு பிரேக் பிடிப்பதால் தலை முன்னால் சாயும், ஹெல்மெட்டும் முன்னால் வரப் பார்க்கும். புருவத்துக்கு மேல் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கிளம்பியிருந்தால், கடைசி வளைவு வரை அதே இடைவெளி இருக்க வேண்டும். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, கழற்றுவதற்கு முன் விரலை வைத்துப் பாருங்கள். இறங்கியிருந்தால் பட்டையை ஒரு பல் இறுக்குங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் இன்னும் தடிமனான கன்னப் பஞ்சு அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று கடையில் கேளுங்கள்.